விரித்துக் காட்டிய கை

கோச்சடை, மதுரை.

அன்புள்ள அண்ணன், கோவா கப்பல் கேசினோவில் சீட்டுப் போடும் உத்தியோகஸ்தர் ஜெயபாண்டி அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், நம் வீட்டில் மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த டிவி ரிமோட், அரிசி டிரம்முக்குள் உயிருடன் மீட்கப்பட்டது. ஒளித்து வைத்த கயவன் யாரென்று அம்மா விசாரித்து வருகிறாள். கயவனும் விசாரணைக்கு ஒத்தாசை செய்து வருகிறான்.

இங்கே நாங்கள் நலம். உன் நலம் தெரிய வேண்டுமானால் நீ போனை எடுக்க வேண்டும். எடுக்காததால்தான் இந்தத் தபால்.

உன் ஊர்ச் செய்தியைத் தினமும் மொபைலில் படிக்கிறேன். சூதாட்டக் கப்பல்களை ஆற்றை விட்டு நகர்த்துவதாகப் பேச்சு அடிபடுகிறதே? வைகைக்கு அனுப்பச் சொல். அடியில் சக்கரம் மாட்டினால் ஆரப்பாளையம் வரை ஓட்டிவிடலாம். கப்பலில் வாரக் கடைசியில் பாட்டு, டான்ஸ் எல்லாம் உண்டாமே. நம் ஊரும் சளைத்ததல்ல. திருவிழாவுக்கு வந்த ராட்டினம் உச்சியில் நின்றுபோய், சிவனாண்டிச் சித்தப்பா ‘எறக்கி விடுங்கடா, மாத்திரை போடணும்’ என்று கத்தியதை ஊரே ரசித்தது. ராட்டினத்தை நான் நிறுத்தவில்லை. நம்பு.

சித்தப்பா பேரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிடாதே அண்ணே.

அன்று சுடுகாட்டில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, நீ இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கை புறங்கை என்று திருப்பிக் காட்டினாய். ‘அப்பனக் கொளுத்திட்டு, விட்டது சனின்னு கையத் தட்டுறான் பாருய்யா, சீட்டாட்டக்காரப் பய’ என்று கத்தினார் சித்தப்பா. கருமாதிக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

எனக்குத் தெரியும். கேசினோவில் சீட்டு மேசையை விட்டு எழும்போதெல்லாம், எதையும் எடுக்கவில்லை என்று கேமராவுக்குக் கை தட்டி விரித்துக் காட்ட வேண்டும் என்று அதற்கு முந்தின பொங்கல் லீவில் சொன்னாயே. சாப்பிட்டு எழும்போதும் நீ அதையே செய்ய, ‘ரசம் ஒண்ணும் களவு போகலப்பா, நீ போ’ என்று அப்பா சிரித்தாரே.

கவலையை விடு. கருமாதிக்கு உனக்குப் பதில் நான்தான் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்து வைகைக் கரையில் எழுந்தவன், ஊர் பார்க்க அதே மாதிரி கையைத் தட்டி விரித்துக் காட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று சித்தப்பாவுக்குப் பாடமும் எடுத்தேன்.

அம்மாவிடமும் அந்த அர்த்தத்தைச் சொன்னேன். இப்போதெல்லாம் ரிமோட்டைத் தேட வைத்தால்தான் அவள் பேசுகிறாள். இதைக் கேட்டதும், ‘ஒண்ணும் எடுக்கலன்னா காட்டுனான்? உங்கப்பா வாட்சயாவது எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல எம்புள்ள’ என்றாள். வாட்ச் டிவி பக்கத்தில் இருக்கிறது. புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறாள்.

ஐப்பசியில் அப்பாவுக்கு முதல் திதி. கொள்ளி வைத்த கைதான் வேண்டும் என்கிறாள்.

ஒரு திருத்தம் அண்ணே. அம்மா சொன்னது நிஜம். வைகைக் கரையில் நான் செய்ததாக எழுதியது பொய். கை தட்டியது நம் வீட்டுக் குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. பார்த்தது வாளி மட்டும். கரையில் சித்தப்பா பக்கத்தில் நின்றபோது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டேன். இன்று வரை அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வந்துவிடு அண்ணே.

உன் தம்பி,
தங்கப்பாண்டி