பொன்னி கேட்ட வீடு

ஐப்பசி, வியாழக்கிழமை.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் மாதையன், புரோக்கர், வீட்டை வாங்க வந்த சேலத்து ரிசார்ட்காரர். கடைசியாக வந்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னி.

"மொத ஆளே நல்ல வெலை சொல்றாருங்க ஆத்தா, உட்டா கெடைக்காதுங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்தினான். மாதையன் வெற்றிலைத் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். என் கையாலேயே ரிசார்ட்காரரோடு வெற்றிலை பாக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு எங்கள் ஊர் செம்மநத்தத்தில் யாரும் வாக்கு மாறுவதில்லை.

ரிசார்ட்காரரின் கார் கிளம்பியதும் பொன்னி ஓடி வந்தாள். "ஏனுங்க அக்கா, ஊட்ட நான் வாங்கிக்கறேன், உங்க காலம் வரைக்கும் நீங்க இங்கயே இருங்கன்னு போன வாரமே புரோக்கர்கிட்டச் சொன்னேனுங்களே. ஒரு பதிலும் வரலீங்களே?"

"அது கம்மி வெலைங்க ஆத்தா, அதான் உங்ககிட்டச் சொல்லலீங்க" என்றான் புரோக்கர்.

"கம்மியோ சாஸ்தியோ, அத நாஞ் சொல்லோணும்டா! ஊடு உன்றதா, என்றதா?" என்றேன்.

"உங்க பையன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டனுங்க. அவருதான் ஆத்தாளுக்குத் தெரிய வேண்டாம்னாருங்க."

மாதையன் அப்போதுதான் மிச்சத்தையும் சொன்னான். தை பிறந்ததும் ரிசார்ட் கட்ட வீட்டை இடிப்பார்களாம். நான் அவனோடு சேலத்துக்குப் போக வேண்டுமாம்.

புரோக்கர் கமிஷனுக்காக வாயை மூடினான், அது அவன் பிழைப்பு. எல்லாம் தெரிந்தே அந்த வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்தவனை நான் மன்னிக்கமாட்டேன். மாதையனை.