நான் சாகாத வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சின்னராசுவுக்கு அப்பா கோபால்சாமி எழுதிக்கொள்வது. மெட்ராஸில் உன் உடம்புக்கும் வேலைக்கும் நம் மலைச்சாமி துணையிருக்கட்டும். இங்கே அம்மாவும் மாடு கன்றும் நலம். நான் நலம் என்பதைத் தனியாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் போன வெள்ளிக்கிழமை நான் செத்துப்போனதாக எதிர்மலைக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள், அதற்குக் காரணம் நீதான்.

நீ ரேடியோவில் பேசப்போவதாகக் கார்டு போட்டாலும் போட்டாய், பஞ்சாயத்து கிளார்க் லட்சுமணன் புது பேட்டரி போட்டு, கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டான். ஊரே சீக்கிரமாகக் களி தின்றுவிட்டுக் கம்பத்தடியில் உட்கார்ந்தது, உன் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் வீணை வந்தது, ஒரே கம்பியை அந்த ஆள் எதற்கு இவ்வளவு நேரம் இழுக்கிறார், சிக்கிக்கொண்டதா என்று முனிசாமி கேட்டான். பிறகு ஒருவர் வந்து வாசித்தது என்ன என்பதை வாசித்ததைவிட அதிக நேரம் விளக்கினார். அப்புறம் இரண்டு பண்டிதர்கள் பழைய செய்யுள் ஒன்றில் வரும் மான் எதற்காகத் திரும்பிப் பார்த்தது என்று சண்டை போட்டார்கள், இரண்டு பேருமே மானைப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. அதற்கும் பிறகு நீ வந்தாய். உன் குரல்தான், ஆனால் உனக்கு ஜலதோஷமா இல்லை அங்கே எல்லாரும் மூக்கால்தான் பேசுகிறார்களா தெரியவில்லை. தொல்குடி அழகியல் என்றாய், கூட்டு நனவிலி என்றாய், ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். உன் அம்மாவுக்கு மட்டும், எம்புள்ள மூச்சு வுடாம பேசுதே, தண்ணி கிண்ணி குடிச்சிச்சோ இல்லியோ என்று கவலை.

நீ பேச்சை நிறுத்தினாய், குழாயிலிருந்து உன் அம்மாவின் ஒப்பாரி வந்தது. போன தை மாதம் டேப் மெஷினோடு வந்து, சாவில்லாத வீட்டில் ஒப்பாரி கூடாது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல், கெஞ்சிக் கொல்லைமேட்டுக்கு அழைத்துப்போய்ப் பாட வைத்தாயே, அதுதான். நம் வழக்கம் உனக்கு மறந்திருக்கும், ஒப்பாரி காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், யார் எவர் என்று விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. பள்ளம் தாண்டி எதிர்மலைக்கு வார்த்தை போய்ச் சேரவில்லை, குரல் மட்டும் போயிருக்கிறது. அக்கா அழுகிறாள் என்றால் போனது மாமாதான் என்று உன் தாய்மாமன் ரங்கன் தீர்மானித்து, கோடித்துணியும் மேளக்காரர்களுமாக ஊரையே திரட்டிக்கொண்டு ஓடிவந்தான். நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னா மாமா, நல்லாத்தான கீறீங்க என்று நான் என்னவோ வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்ட மாதிரி கேட்டான். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு. கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாதாம், என் கையிலேயே கொடுத்துவிட்டான், நல்ல மல்லு வேட்டி, பெட்டியில் வைத்திருக்கிறேன். சாவில்லாமல் ஒப்பாரி கேட்ட தோஷத்துக்கு என் சேவலும் போயிற்று.

இதுவரை சிரிக்கிற சமாச்சாரம். பாட்டு முடிந்ததும் நீ திரும்ப வந்து, இதைப் பாடியவர் பெயர் அறியாத ஒரு மலைவாழ் பெண் என்றாய். இதில் தனிமனித துக்கம் இல்லை, இனக்குழுவின் மனம்தான் பாடுகிறது என்றாய். பாட்டில் வரும் பச்சை வளையல் வளமையின் குறியீடு என்றாய். அடேய், அது ஜமுனாமரத்தூர் சந்தையில் உன் அக்கா பச்சையம்மாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த வளையல். காய்ச்சலில் கிடந்தவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாதி வழியில் போய்விட்டாள், அந்த வளையலோடுதான் புதைத்தோம். நீ அவள் இடுப்பில் வளர்ந்தவன். ஒப்பாரி பாடு என்று நீ கேட்டதும் உன் அம்மாவுக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. உனக்கும் அது தெரியும், மெஷினை நிறுத்திவிட்டு நீயும் அழுதாய் என்று அவளே என்னிடம் சொன்னாள். படித்தவர்கள் நடுவில் பெற்றவளை அம்மா என்று சொல்ல உனக்குக் கூச்சமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள், பாட்டு முடிஞ்சதும் எம்புள்ள இன்னா சொல்லிச்சி என்று கேட்டாள். அந்தத் தமிழ் அவளுக்கு எட்டாது என்ற தைரியத்தில், "உன் பெயரையும் சொன்னான், அக்கா பெயரையும் சொன்னான், சுத்தத் தமிழில் சொன்னதால் உனக்கு விளங்கவில்லை" என்று அவளிடம் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே, "எந்தத் தமிழ்ல சொன்னாலும் பச்சையம்மா பச்சையம்மாதான?" என்றாள்.

ஓட்டல் சோற்றை நம்பிக்கொண்டிருக்காதே, ராஜாக்கண்ணு புளி லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போது சாமை அரிசி கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் தேய்த்துக் குளி. எங்கள் ஆசீர்வாதம் கோபத்திலும் உனக்கு உண்டு, நன்றாக இரு. உன் பேச்சை அடுத்த மாதம் மறுபடியும் ஒலிபரப்புவார்கள் என்று கடைசியில் சொன்னார்கள். யார் காலைப் பிடிப்பாயோ தெரியாது, அதற்குள் அந்த இரண்டு பெயரையும் அதில் சேர்த்துவிடு. உன் அம்மா ஊரெல்லாம் போய், எம்புள்ள பேரு சொல்லிச்சி, எனக்குத்தான் காது அடைச்சிக்கிச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. கோபால்சாமி