அரிசி வண்டும் பூ வண்டும்

என் அருமை அக்கா,

போன வாரம் நடந்ததைக் கேள். உன் சின்ன மகள் சுந்தரிக்குத் தாய்மாமன் சீராக நான் நெய்து வைத்திருந்த கூறைப்புடவையைப் பிரித்தேன். ஐயையோ! மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. பட்டெல்லாம் போய் ஜரிகை மட்டும் தொங்குகிறது.

பெரியவள் கல்யாணத்தில் நடந்தது அப்படியே மறுபடியும். அன்று ஐயம்பேட்டையில் நான் நெய்த புடவை இருந்த உன் வீட்டுப் பெட்டியைத் திறந்ததும், பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையைக் காட்டி, சம்பந்திகள் முன்னால் உன்னை என்ன பேச்சுப் பேசினேன்! "அரிசி வண்டு அரிசியத்தாம்பா திங்கும். பட்ட இன்னாத்துக்குக் கடிக்கப் போவுது?" என்றாய். நான் கேட்டேனா? அதோடு உன்னிடம் பேச்சையே நிறுத்தினேன். நாலாம் மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய்.

இந்த முறை புடவை இருந்தது என் வீட்டில், தகரப் பெட்டியில். அரிசி வாடையே அண்டாத அறை. அப்புறம் எப்படி அக்கா?

பி.யூ.சி. முடித்த சுந்தரி சும்மா விடுவாளா? பெட்டியில் கிடந்த வண்டையும் புழுவையும் ஒரு பாட்டிலில் போட்டாள். அரிசி வண்டுகளை இன்னொன்றில். இரண்டிலும் ஒரு பட்டுத் துண்டு. காலேஜ் வாத்தியாரிடமும் காட்டிக் கேட்டு வந்தாள். இன்று லென்ஸை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க மாமா" என்றாள்.

அரிசி வண்டுக்கு நீள மூக்கு. அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிடுமாம். அதன் புழு அந்த ஒரு அரிசியைத் தின்றே வளர்ந்து வெளியே வருமாம். பட்டை அது சீண்டவே இல்லை. மற்றது உருண்டை, முதுகெல்லாம் புள்ளி. வளர்ந்த வண்டு தின்பது பூந்தாதுதான், பரம சாது. அது போடுகிற மயிர்ப் புழு இருக்கிறதே, பாவி, அதுதான் பட்டைத் தின்கிறது!

"பூவுலதான் வந்திருக்குது மாமா."

 நெய்த புடவையை அம்மன் காலடியில் வைத்து, அங்கே கொடுத்த சாமந்தியை மடிப்புக்குள் செருகுவது நம் வழக்கம். இரண்டு முறையும் செருகியது இந்தக் கை.

அதோடு விட்டாளா? "அக்கா கல்யாணத்தப்பவே மடிப்புல இருந்த பூவுல புழு நெளியறத அம்மா பாத்தாங்க மாமா. 'தம்பிகிட்ட சொல்லாத, அவன் தாங்க மாட்டான்'னாங்க."

ஏன் அக்கா சொல்லவில்லை? அத்தனை பேர் நடுவில் என் வாயை அடைக்க அந்த ஒரு வார்த்தை போதாதா?

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. புதுப் புடவைக்குப் பாவு தறியில் ஏறிவிட்டது. அதே சம்பந்திகள் வருவார்கள். என் அக்கா மேல் தப்பில்லை, புழுவை வைத்தவன் நான்தான் என்று அவர்கள் எதிரில் வாய்விட்டுச் சொல்வேன். சொல்லாமல் சீர்த்தட்டைக் கீழே வைக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ காட்டிக்கொடுக்காத தம்பி,
ஏகாம்பரம்