ஞானபாய் படகின் கறுப்பு எழுத்து

மஸ்கட்
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். பிலோமி மதினிக்குக் கால்வலி தேவலையா? போன வாரமே எழுதுவதாகச் சொன்னீர்கள், மறந்தே போனீர்கள்.

சங்குகுளி ஆட்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் முடித்து அனுப்பியிருக்கிறேன். இனி யார் பெயரையும் கையால் சிவப்பாக்க வேண்டாம். 'டாக்டர்' கட்டத்தில் 'கூடாது' என்று இருந்தால், ஃபார்முலா அதைப் பார்த்துப் பெயரைச் சிவப்பில், தடித்த எழுத்தில் காட்டிவிடும்; மற்றவர்கள் பெயர் கறுப்பிலேயே இருக்கும். கரையில் யார் கட்டம் கட்டமாகப் படிக்கிறார்கள்? நிறத்தைப் பார்த்துத்தானே கடலில் இறங்குகிறார்கள்.

நம் படகில் போகும் உங்கள் மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், பெயர் இப்போது சிவப்பு. மறுபடி முங்கினால் கால் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், பட்டியல் சொன்னால் கேட்பார். பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
விஜிலா

தூத்துக்குடி
15.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

மதினி நலம். பட்டியலைத் தினமும் காலையில் அச்செடுத்துக் கொட்டகையில் ஒட்டுகிறேன். எல்லோரும் உன் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பேசுகிறார்கள்.

ஒரு காரியம். அம்மா பெயர் வைத்த நம் 'ஞானபாய்' படகை அடுத்த மாதம் கோயில் சாமியார் ஜெபம் செய்து மந்திரிக்கிறார். நம் படகு ஆட்களின் பெயர் மட்டும் நீலத்தில் தெரிந்தால் அவர் வாசிக்க வசதி. அதை ஃபார்முலாவில் எப்படிச் சேர்ப்பது?

மாப்பிள்ளையை நினைத்துக் கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

அண்ணன்,
கிளாட்வின்

மஸ்கட்
18.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவுதானா? 'படகு' கட்டத்தில் 'ஞானபாய்' என்று இருந்தால் நீலம் என ஒரு வரி சேருங்கள். ஆனால் டாக்டர் வரிக்குக் கீழேதான் எழுத வேண்டும். மேலே எழுதினால் ஃபார்முலா அதோடு நின்றுவிடும், டாக்டர் கட்டத்தைப் பார்க்கவே பார்க்காது.

மந்திரிப்பு அன்று எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.

தங்கை,
விஜிலா

தூத்துக்குடி
20.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

முங்கப் போன மாப்பிள்ளைக்குக் கால் இரண்டும் இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருக்கிறேன். நீ சொல்லியும் அந்த வரியை மேலே எழுதிவிட்டேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? உன் அண்ணனை மன்னித்துவிடு.

கிளாட்வின்

மஸ்கட்
24.2.2025

கிளாட்வின் அவர்களுக்கு,

அவர் போனில் சொன்னார்: "ஏளா, என் பேரு கறுப்பா இருந்துச்சு. டாக்டர் சரின்னுட்டாரு போலன்னு நெனச்சுதான் எறங்குனேன்."

இங்கிருந்தே ஃபார்முலாவைத் திறந்து பார்த்தேன். டாக்டர் கட்டத்தில் 'கூடாது' அப்படியே இருக்கிறது. உங்கள் வரி அதற்கு மேலே இருக்கிறது. கை தவறியிருக்கும் என்றே நானும் நம்பியிருப்பேன். ஆனால் என்னிடம் நீங்கள் கேட்டது நீலம். அதில் எழுதியிருப்பது கறுப்பு.

ஆழத்தில் இறங்க அவரை விட்டால் ஆளில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் முடியாது என்றிருப்பேன். அதற்காகத்தான் நீங்கள் கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்பதை மட்டும் என்னிடமே கேட்டு, என் கையாலேயே செய்துகொண்டீர்கள். அதற்கும் அம்மா பெயர்தான் கிடைத்ததா?

உங்கள் வரியை அழித்துவிட்டேன். அவர் பெயர் மறுபடி சிவப்பில் வருகிறது.

வியாழக்கிழமை வருகிறேன். நான் வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
அமலன் மனைவி விஜிலா