எமோஷனல் என்கிறார்கள், அக்கா

அக்கா,

இன்று காலை ரிசப்ஷனைத் துடைத்த பெண், வாளியில் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றிவிட்டாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், செங்கம் ரோட்டில் நாம் இருவரும் வேலை பார்த்த பழைய விடுதி ஞாபகம் வந்துவிட்டது. கவுண்டரில் நீங்கள், பக்கத்து நாற்காலியில் நான்.

செல்வி அழுதுகொண்டு ஓடிவந்த நாள்தான் முதலில் வந்தது. அறைகளைச் சுத்தம் செய்ய அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தவள். வருஷா வருஷம் வந்து மாதக்கணக்கில் தங்கும் ஒரு வெளிநாட்டு ஆள், படுக்கை விரிப்பு மாற்றப் போனவளின் கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறார். உதறிவிட்டு வந்தவள் விக்கி விக்கி இதைச் சொன்னாள். மேனேஜர் எட்டிப் பார்த்து, “அந்தப் பொண்ணு கொஞ்சம் எமோஷனல். தண்ணி குடுத்து உக்கார வைங்க” என்றார்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

“எமோஷனல்னா இன்னா சார்?”

“அதாம்மா... உணர்ச்சிவசப்படறது.”

“அவ பயந்துபோய் அழுவுறா. நான் கோவமா நிக்கிறேன். ரெண்டுக்கும் ஒரே பேரா?”

“பாருங்க, இப்ப நீங்களும் எமோஷனல் ஆவுறீங்க.”

நீங்கள் அவரைத் தாண்டி நடந்தீர்கள். நேராக மாடி ஏறினீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். கதவைத் திறந்த அந்த ஆளிடம், தெரிந்த இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்: “ஷி இஸ் அஃப்ரெய்ட். ஐ ஆம் ஆங்க்ரி. யூ கோ டுடே.” உங்கள் குரல் நடுங்கியது. அதை நீங்கள் மறைக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் அவர் பெட்டியோடு ஆட்டோ ஏறினார்.

அடுத்த வாரமே உங்களையும் அனுப்பிவிட்டார்கள். ரிசப்ஷனுக்கு நீங்கள் ரொம்ப எமோஷனலாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “யாரு எதுக்கு அழுதாலும் இவங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான்” என்று சிரித்தீர்கள். பிறகு வேங்கிக்கால் பக்கம் புதிதாக வந்த இந்த விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, செல்வியையும் என்னையும் இங்கேயே கூட்டிக்கொண்டீர்கள்.

நோய் முற்றி நீங்கள் போன அன்று, அந்த மேனேஜரும் மாலையோடு வந்திருந்தார். “ரொம்ப எமோஷனலான அம்மா. ஆனா நல்லவங்க” என்றார் என்னிடம்.

“கோவக்காரங்க சார். அதனாலதான் நல்லவங்க” என்றேன். அவர் மாலையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

இங்கே பெண்கள் உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நேற்று மறுபடியும் கேட்டபோது, முதலாளியின் மகன் எல்லார் முன்னாலும், “எமோஷனலா பேசாதீங்க மேடம், பாத்துக்கலாம்” என்றான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முன்பெல்லாம் பாத்ரூமுக்கு ஓடி முகம் கழுவிக்கொண்டு வருவேன். நேற்று துடைக்கக்கூட இல்லை.

“ஆமா சார், அழுவுறேன். அழுதுகிட்டேதான் கேக்கறேன். தாழ்ப்பாள் எப்ப போடுவீங்க?”

அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். செல்வி வந்து என் பக்கத்தில் நின்றாள். அப்புறம் சமையல்கட்டுப் பெண்களும்.

இதை எழுதும்போது ஆசாரி அந்தக் கதவில் திருகாணி முடுக்கும் சத்தம் கேட்கிறது. என் கண் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இருக்கட்டும் அக்கா. அழுதுகொண்டே நிமிர்ந்து நிற்க எனக்கும் வந்துவிட்டது.