ஜெனீற்றாவுக்குப் பொட்டு வைத்தவர்கள்

ரொறன்ரோ
09.02.2025

என் அன்பு பவா,

எட்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்காதே. நல்ல செய்தியோடுதான் வருகிறேன். நான் எழுதும் சூப்பர்ஹீரோ தொடரில் இந்த முறை ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள். நாயகியின் தோழி இல்லை, பலசரக்குக் கடைக்காரரின் மகளும் இல்லை. அவளேதான் நாயகி! பெயர் சக்தி. எங்கள் தீவில் பிறந்தவள். கடல் அவள் சொல்லைக் கேட்கும்.

முதல் மூன்று பகுதிகளின் திரைக்கதையையும் ஒரு படிவத்தையும் இணைத்திருக்கிறேன். கோயில், விரதம் எல்லாம் சரியா என்று பார். அந்தச் சமூகத்தில் ஒருவர் படித்து, படிவத்தில் பிழைகளைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது இங்கே விதி. எனக்குத் தெரிந்த சைவப் பெண்களில் உன்னைப்போல் ஊன்றிப் படிப்பவள் வேறு யார்? போனில் கேட்டால் "ஓம், நல்லாயிருக்கு" என்று தப்பிவிடுவாய். ஆகவே எழுது.

உன்
சுகந்தி

சரவணை
23.02.2025

அன்புள்ள சுகந்தி,

இரண்டு முறை படித்தேன். முதலில் பிழைகள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள் மத்தியானம் நண்டுக்கறி சாப்பிடமாட்டாள். கோயில் சூலத்தைப் பிடுங்கிச் சண்டை போட்டால் ஐயர் மயங்கி விழுவார்.

மற்றவை பிழைகள் இல்லை, கேள்விகள். சக்தியின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் கடலுக்குப் போவதில்லை? அவள் ஏன் முழந்தாளில் நின்று மன்றாடுகிறாள்? பயந்தால் அவளுடைய கை நெற்றிக்குப் போய் நெஞ்சுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் யாருடைய கையும் அப்படிப் போகாது. உங்கள் வீட்டில் போகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பொட்டு வைத்த ஒருத்தி அலையை நிறுத்துகிறாள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்தச் சந்தோஷமே உறுத்தியது. உன்னுடைய இடத்தில் என்னை இருத்தியது யார்? தொடர் எடுப்பவர்களா, நீயா? அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்
பவதாரணி

ரொறன்ரோ
02.03.2025

பவா,

உன்னிடம் கொடுத்தது என் பிழை!

முதலில் அவள் பெயர் ஜெனீற்றா. எழுத்துக்குழுவின் தலைவி நல்ல மனுஷி. "தமிழ்ப் பெண்ணுக்கு ஏன் இந்தப் பெயர்? பார்ப்பவர்கள் குழம்புவார்கள்" என்றா. கத்தோலிக்கப் பெண்தான் வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸ்காரி ஆக்கிவிடலாமாம். தமிழ் என்றால் பொட்டு. சிலுவை என்றால் வேறு நாடு. இரண்டும் சேர்ந்த ஒருத்தி அவர்களுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் சக்தி பிறந்துவிட்டாள்.

இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் நாயகி கிடைக்கிறாள். அது போதாதா? வாய் திறந்தால் வேலை போகுமோ என்றும் பயம். இருபதாம் திகதிக்குள் கையெழுத்து வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே.

சுகந்தி

சரவணை
14.03.2025

அன்புள்ள சுகந்தி,

சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். மெலிஞ்சிமுனைக்கு, உங்கள் வீட்டுக்குப் போனபோது மாக்கிறேற் அன்ரி வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தா.

"சக்தியோ? ஆற்றை பிள்ளையடி அது?"

"உங்கட மகள் எழுதின பிள்ளை, அன்ரி."

"அப்ப என்ரை பேத்தி! பேத்திக்குப் பொட்டு வைக்கேக்கை எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை, பாத்தியே?"

சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது.

"பயந்திட்டாள். பயந்தால் அவளுக்கு வாய் வராது. சின்னனிலை பள்ளிக்கூடத்திலை வேறை ஆற்றையோ குழப்படிக்கு அடி வாங்கிக்கொண்டு வந்தவள். நீ கையெழுத்து வைக்கப் போறியோ?"

"தெரியேல்லை அன்ரி. வைச்சால் அவளின்ரை வேலைக்கு நல்லது."

"நான் வேலையைக் கேக்கேல்லை."

வீடு வந்து படிவத்தை நிரப்பினேன். பிழைகள் என்ற இடத்தில் நண்டையும் சூலத்தையும் எழுதினேன். மூன்றாவதாக இப்படி எழுதினேன்: "இந்தப் பெண் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். எங்கள் தீவில் கத்தோலிக்கர்கள் நானூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் இதை எழுதியவரிடம் கேளுங்கள்." அதன்கீழ் கையெழுத்திட்டேன்.

அவர்களுக்கு அனுப்பவில்லை. உனக்குத்தான் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கொடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். விட்டால் நான் உன்னோடு கோபிக்கமாட்டேன். ஆனால் வேறு படிவத்தில் கையெழுத்திடவும் மாட்டேன்.

அன்புடன்
பவா

ரொறன்ரோ
06.04.2025

என் அன்பு பவா,

கொடுத்தேன். அச்செடுத்து ஐந்தாறு நாள் பையில் வைத்துத் திரிந்துவிட்டு, கடைசி நாளில் கொடுத்தேன்.

தலைவி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. "நீயா?" என்றா. "ஓம்" என்றேன், தமிழிலேயே. அதன் பிறகு ஒரு மணித்தியாலம் கேள்விமேல் கேள்வி. நானும் விடாமல் சொன்னேன். உண்மையாகவே அறிய விரும்பினா. ஆனாலும் முடிவு மாறவில்லை. உடுப்பு தைத்தாயிற்று, விளம்பரம் போயாயிற்று. சக்தி சக்தியாகவே வருவாள், வேறொருவர் எழுதுவார். ஜெனீற்றாவை எனக்கே திருப்பித் தந்துவிட்டார்கள். மே மாதத்தோடு எனக்கு அங்கே வேலை இல்லை.

அழுதேன், ஒளிக்கவில்லை. அடுத்த நாள் எழும்பி முதல் காட்சியை எழுதினேன். ஜெனீற்றா ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போகிறாள், வாசலில் அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறாள். யார் எடுப்பார்களோ தெரியாது.

சக்தி வரும்போது நீ கட்டாயம் பார். அவள் அலையை நிறுத்தும்போது உனக்குச் சந்தோஷம் வந்தால், என்னை நினைத்து அதை அடக்காதே. எப்படி இருந்தது என்று எனக்கு விபரமாக எழுது.

உன்
மேரிசுகந்தி