ராத்திரிக்குச் சோறு வேண்டாம் என்றேன்

மயிலாப்பூர்
14.6.1996

அன்புள்ள செண்பகாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன்.

இயற்கை உணவு ஆலோசகனாகப் போகிறேன் என்றதும் மதுரை அலுவலகத்தில் சிரித்தார்களே, அவர்களையும் மிஞ்சும் மேதாவிகள் இங்கே இருக்கிறார்கள். அனந்தராமன் என்று ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், சர்க்கரை நோயாளி. ராத்திரியில் சோற்றை நிறுத்தச் சொல்லியிருந்தேன். நேற்று மூன்று கிலோ கூடி வந்து நிற்கிறார்.

"அமாவாசை ராத்திரி சாதத்துக்குப் பதிலாப் பலகாரம் பண்ணுவோமே, அதையே தினம் பண்ணிண்டேன். அடை, வெண்ணெய், கேசரி. சாதம் ஒரு பருக்கை தொடலை சார்!"

"கேசரி சாப்பிடுங்கன்னு நான் எங்கே எழுதினேன்?"

"சாப்பிடாதேன்னும் எழுதலையே!"

காத்திருந்த நால்வரும் சிரித்தார்கள். இருவர் எழுந்தே போய்விட்டார்கள். படித்த முட்டாள்கள், போகட்டும்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. தனியாக உட்கார்ந்து பச்சைக் காய்கறி தின்றால் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. ரசம் வைக்கும் முறையையும் உன் கையால் எழுதி அனுப்பு.

சம்பளமில்லா விடுப்பு முப்பதாம் தேதியோடு முடிகிறது. எனக்கு வரவேண்டிய பதவியைத் தன் மருமகனுக்குக் கொடுத்த அந்த மேனேஜரின் கீழ் மறுபடி உட்கார மனமில்லை. ராஜினாமாவை எழுதிவிட்டேன், இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. வந்துவிடுங்கள் என்று நீ ஒரு வரி எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறேன். எழுதுவாயா?

தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரம்.

குலசேகரன்